முப்பத்து மூன்று கிலோவும் பதினோரு படியும்

முதலில் கழன்றது வளையல்தான்.

தாராவியில் நாங்கள் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள். கிரைண்டரிலிருந்து வழித்துப் போட்ட மாவில் உப்புப் போட்டுக் கையால் கலக்குவது என் வேலை. ஒரு நாள் அப்படிக் கலக்கிவிட்டுக் கையை வெளியே எடுத்தால் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. சோப்புப் போட்டுத் திருகினாலும் கழலாத கவரிங் வளையல் அது. தானாக மாவுக்குள் இறங்கிவிட்டது.

யாரையும் கூப்பிடவில்லை. முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தேன். கழுவி முந்தானையில் முடிந்துகொண்டேன். பழைய வளையல், லூஸாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லூஸானது நான்தான் என்று தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆனது.

உடம்பு இளைத்து, நோய் போன பிறகும் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், உங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் மகன் மாரியப்பன் இங்கேயே பிறந்தவன், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விடும். அதனால் அவன் இதைப் படிக்க மாட்டான் என்ற தைரியம் இருக்கிறது.

சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வரும். வயிற்றை யாரோ உள்ளேயிருந்து பிழிவது போலிருக்கும். சோறு இறங்காது. மருமகள் செல்வி கேட்டால் "உண்டுட்டேன்ட்டி" என்று சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் மாவு எல்லாம் கடைகளுக்குப் போன பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். தனியாகச் சாப்பிடுகிறவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று யாருக்குத் தெரியும்?

பெரிய ஆஸ்பத்திரியில் நாலைந்து தடவை அலைந்த பிறகு, குடலில் காசநோய் என்றார்கள். காசநோய் என்றால் இருமல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குடலிலும் வருமாம். டாக்டரம்மா மராட்டிக்காரர். என்னிடம் மெதுவான இந்தியில், "மௌசி, இது இருமித் தும்மி அடுத்தவருக்கு ஒட்டுகிற வகை இல்லை. மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடாதீங்க" என்றார். மௌசி என்றால் சித்தி. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குள் எனக்கு ஏணி ஏற முடியாமல் போயிருந்தது.

எங்கள் வீட்டைச் சொன்னால்தான் இது புரியும். கீழே ஒரு அறை, அது மாவுக் கடை. மேலே ஒரு அறை, அதை மாளா என்போம். அது என் அறை. மேலே போக உள்ளே படி கிடையாது. வெளியே, சந்தோடு ஒட்டி, செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. பதினோரு படி. பிடித்துக்கொள்ள மேலேயிருந்து ஒரு நைலான் கயிறு தொங்கும். எட்டாம் படியில் வெல்டிங் கொஞ்சம் விட்டிருக்கிறது. யார் ஏறினாலும் அது கிறீச்சென்று சத்தம் போடும்.

நோயின் பெயரைச் சொன்ன அந்தத் தடவை, ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று மாரியப்பன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். சந்தில் எல்லாரும் பார்த்தார்கள். நான் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சந்து முனையில் மாரியம்மன் மாடம் இருக்கிறது. அதைத் தாண்டும்போது மனசுக்குள் நேர்ந்துகொண்டேன்: தாயே, என் காலால் நானே மாளா ஏறுகிற வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன். மீன், கறி, முட்டை எதுவும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கீழே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் படுத்துக் கிடந்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கமும் விழிப்பும் ஒன்றாகிப் போனது. பகலில் கண்ணை மூடினால் ஏணி வரும். நான் ஏறுவேன். பதினோரு படி முடிந்தும் ஏணி முடியாது. நீலத் தார்ப்பாய்க்கு மேலே, தண்ணீர் டாங்குகளுக்கு மேலே, விமானம் போகிற உயரத்துக்கு அது போய்க்கொண்டே இருக்கும். கால் வலிக்காது. மூச்சு வாங்காது. எட்டாம் படி சத்தம் போடாது. அந்தக் கனவில் எனக்கு உடம்பே இல்லை.

விழித்தால் கால்கள் எங்கேயோ தூரத்தில் கிடக்கும். எனக்கு முன்னாலேயே அவை ரயிலேறி என் மகள் பேச்சி வீட்டுக்குப் போய்விட்டது போலத் தோன்றும். பேச்சி மும்பைக்கு வெளியே கல்யாணில் இருக்கிறாள். நாலாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை வருவாள், வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள்.

"எம்மா, அங்க லிஃப்ட் இருக்கு. ஒரு பட்டன அமுக்குனா போதும். இங்ஙன ஈரத்துல எதுக்குக் கெடக்க?"

"பாப்போம்ளா" என்பேன்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தீபாவளிக்கு இன்னொரு கிரைண்டர் வாங்குகிறார்கள். அதை வைக்கிற இடத்தில்தான் என் பெஞ்சு இருந்தது. மாரியப்பன் என்னிடம் சொல்லத் தயங்கித் தயங்கி ஒரு நாள் சொன்னான்: "எம்மா, தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஏற முடியலன்னா அக்காகூடப் போயிரும்மா."

பேச்சி என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வாள். ஆனால் போனால் அங்கே நான் படுத்திருக்க வந்தவள். மாளாவில் நான் குடியிருக்கிறவள். இந்த வித்தியாசத்தை எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை.

ஆனி மாதம் மாத்திரை முடிந்தது. நோய் போய்விட்டது என்றார்கள். செல்வி என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அரிசி நிறுக்கிற தராசின் மேல் நிறுத்தினாள். முப்பத்து மூன்று கிலோ.

"ஒரு மூட்ட அரிசியும் மூணு கிலோ உளுந்தும். அம்புட்டுதான் அத்த நீங்க" என்றாள்.

சிரித்தோம். அவள் அந்த முப்பது கிலோ மூட்டையை ஒரே மூச்சில் தோளில் ஏற்றுகிறவள். என்னையும் ஏற்றிவிடலாம்.

டாக்டரம்மா எனக்குச் சார்கோபீனியா என்றார் (வயதாலோ நோயாலோ தசை கரைந்து போவது). நோய் போகும்போது தசையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, தசை தானாகத் திரும்பி வராது, சாப்பிட்டுப் பளு தூக்கினால்தான் வரும் என்றார். இந்த வயதில் பளுவா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கேட்டார்:

"அண்டா காத்தீ ஹோ, மௌசி?" முட்டை சாப்பிடுகிறீர்களா என்று.

நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து செல்வி தினமும் இரண்டு முட்டை அவித்து, தட்டில் வைத்துவிட்டு மாவு கட்டப் போய்விடுவாள். எங்கள் கடையைச் சுற்றும் ஒரு சாம்பல் நிறப் பூனை உண்டு. அது வரும்.

முட்டைக்குப் பதிலாக நான் கஞ்சி குடித்தேன். பெரிய சொம்பு நிறைய, உப்புப் போட்டு. தொட்டுக்கொள்ள அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய். எடைதானே வேண்டும், வயிறு நிறைந்தால் வரும் என்று நினைத்தேன். அதே போல வந்தது. ஒரு மாதத்தில் முப்பத்தாறு கிலோ. மாரியப்பன் சந்துக்கெல்லாம் சொல்லிவிட்டான். எதிர்வீட்டுக்காரி, "முகம் பூசுனாப்ல இருக்கு" என்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மட்டும் இன்னும் ஒரு கை வேண்டியிருந்தது.

செல்வியோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா என் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலுக்கு முன்பக்கம் கட்டைவிரலால் அமுக்கினார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது, பொங்கின மாவில் விரல் வைத்த மாதிரி.

"யே வஜன் நஹீ மௌசி, பானி ஹை." இது எடை இல்லை, தண்ணீர் என்றார்.

எடிமா (உடம்பில் நீர் கோத்துக்கொள்வது) என்று எழுதினார். இருதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்தார்கள், அவை நன்றாக இருந்தன. ஆல்புமின்தான் (ரத்தத்தில் இருக்கும் புரதம், அது குறைந்தால் நீர் ரத்தத்தில் தங்காமல் சதைக்குள் இறங்கும்) மிகவும் குறைவு.

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "தினம் ரெண்டு அண்டா குடுக்கேன் டாக்டர். தினம்!"

டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரை டைல்ஸின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செல்வி முட்டையை வைத்துவிட்டு எப்போதும் போலப் போனாள். நான் உரித்து முடிக்கவும் பூனை வரவும் சரியாக இருந்தது. கை நீட்டுகிறேன், மூட்டைக்குப் பின்னாலிருந்து அவள் குரல்.

"ஏன் அத்த, அந்தப் பூனையத் தூக்கித் தராசுல வைப்பமா? உங்க எட அதுகிட்டல்லா இருக்கு!"

பூனை உண்மையிலேயே பருத்துத்தான் போயிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நேர்ச்சையைச் சொன்னேன். கல்யாணுக்குப் போக மனசில்லை என்று அதுவரை சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கல்யாண் என்று சொல்லக்கூட வாய் குழறியது.

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாளா ஏறுத வரைக்கும் முட்ட திங்க மாட்டிய. முட்ட திங்காம மாளா ஏற முடியாது. ஆத்தாளயே மொடக்கிப் போட்டுட்டீயளே!"

"நேந்தது நேந்ததுதானட்டி. எப்படி மாத்த?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடத்துக்குப் போனாள். எங்கள் வீட்டிலிருந்து அது இருபது தப்படி இருக்கும். நான் நாலு இடத்தில் நின்றேன். அங்கே கற்பூரத்தை ஏற்றிவிட்டுச் சத்தமாகவே சொன்னாள்:

"தாயே, எங்க அத்த நேர்ச்சய இனி நான் எடுத்துக்கிடுதேன். அவுக ஏறுத வரைக்கும் நான் கவிச்சி தொட மாட்டேன். உனக்கு வேண்டியது ஒரு வாயி. அது யார் வாயின்னு நீ பாக்காத."

செல்விக்குக் கருவாடு என்றால் உயிர். நெத்திலிக் கருவாடு இல்லாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. அதை விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து முட்டையை என் கையில் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் தின்றேன். ஒருவர் பார்க்கத் தின்பது எனக்குப் பழக்கமில்லை. மஞ்சள் கரு தொண்டையில் மாவாக ஒட்டியது. அவள் தண்ணீர் சொம்பை நீட்டினாள்.

உங்களுக்கும் இப்படி ஒரு நேர்ச்சையோ விரதமோ இருந்தால், முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் கோபப்பட மாட்டார்கள். நான் அடுத்த தடவை போனபோது சொன்னேன். டாக்டரம்மா, "முன்னாலேயே தெரிந்திருந்தால் பருப்பிலும் பன்னீரிலும் வழி சொல்லியிருப்பேனே" என்றார்.

புரதம் என்றால் என்ன என்று அவர் விளக்கியபோது எனக்கு உடனே விளங்கியது. அரிசியை மட்டும் அரைத்து இட்லி ஊற்றினால் கல்லாகத்தான் வரும். உளுந்து சேர்ந்தால்தான் மாவு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எழும்பும். இவ்வளவு வருஷமாக ஊருக்கெல்லாம் உளுந்து போட்டுக் கொடுத்துவிட்டு நான் அரிசியாகவே இருந்திருக்கிறேன்.

அதன் பிறகு என் சாப்பாடு சின்னச் சின்னதாக ஆறு வேளை ஆனது. காலையில் முட்டை. பத்து மணிக்கு வேர்க்கடலையும் வெல்லமும். மத்தியானம் கெட்டிப் பருப்பும் மீனும் சோறும். சாயங்காலம் பயறுச் சுண்டல். ராத்திரி இட்லியும் சாம்பாரும். படுக்கும் முன் பால். உப்பைப் பாதியாக்கினார்கள். நார்த்தங்காய் ஜாடியைச் செல்வி மாளாவில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். "வேணும்னா ஏறி எடுத்துக்கிடுங்க" என்றாள். இது எனக்குச் சொன்ன அளவு. உங்கள் வயிற்றுக்கும் நோய்க்கும் எது என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. தராசு மறுபடி முப்பத்து மூன்றைக் காட்டியது. எதிர்வீட்டுக்காரி பாவப்பட்டாள். நான் பாவப்படவில்லை. இந்த முப்பத்து மூன்று என்னுடையது.

பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சியால் கை காலைத் தேற்றுகிறவர்). என்னை ஆஜி என்று கூப்பிடுவாள். மராட்டியில் அது பாட்டி. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்க வேண்டும். ஒரு படியில் ஏறி இறங்க வேண்டும். இரண்டு கையிலும் பளு எடுத்துத் தூக்க வேண்டும். முதலில் அரைக் கிலோ, பிறகு ஒரு கிலோ.

பளுவுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் அரைக் கிலோவும் ஒரு கிலோவும் பாக்கெட் பாக்கெட்டாக அடுக்கியிருக்கிறதே. கைக்கு ஒரு பாக்கெட் மாவு. கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தூக்கினேன். முதல் நாள் மூன்று தடவைதான் முடிந்தது. நாலாவதில் கை நடுங்கியது. அந்த நடுக்கம் நின்ற பிறகும் கைக்குள் ஏதோ பேசிக்கொண்டிருப்பது போலிருந்தது. ரொம்ப நாள் கழித்து என் கை என் பக்கத்தில் இருந்தது.

ஆவணி, புரட்டாசி போனது. நடுவில் ஒரு வாரம் வயிறு கெட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். திரும்ப மூன்று தடவையிலிருந்து ஆரம்பித்தேன். அதற்காக வருத்தப்படக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வருத்தம் வரத்தான் செய்தது.

மழை நின்று அக்டோபர் வெயில் வந்தது. ஒரு மத்தியானம் ஒரு கிலோ பாக்கெட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது. பாக்கெட் பந்து மாதிரி உப்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை. காலையில் கட்டிய மாவு, அந்த வெயிலில் புளித்துப் பொங்கியிருக்கிறது. பத்தில் வெடித்தது.

தலை, முகம், ஜாக்கெட், அரிசி மூட்டை, பூனை எல்லாம் மாவு. சத்தம் கேட்டு மாரியப்பன் ஓடிவந்தான். அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக என் பயிற்சியைப் பார்க்கிறான்.

"எம்மா! என்னம்மா பண்ணுத?"

"பளு தூக்குதேன்."

அவன் வாய் கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டான். மறுநாள் மணல் அடைத்துத் தைத்த இரண்டு பை கொண்டுவந்தான். "இது பொங்காது" என்றான்.

பிறகு மூட்டைக்குப் பின்னால் ஒளியவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே.

ஏணியில் முதல் படி, இரண்டாம் படி வரை செல்வி பின்னால் நிற்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் படியைத் தாண்டியதில்லை. ஐந்தில் தொடை நடுங்கும்.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பேச்சி வந்திருந்தாள். என் துணியை மடித்துப் பைக்குள் வைக்கவா என்று கேட்டாள். "இரு" என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணிக்குப் போனேன்.

செல்வி பின்னால் வந்து நின்றாள். மாரியப்பன் மேலே போய்க் குனிந்து கையை நீட்டினான். "கையெல்லாம் வேண்டாம். எடு" என்றேன். பதினோரு படியும் நானே ஏறினால்தான் நேர்ச்சை.

ஐந்தாம் படியில் நடுக்கம் வந்தது. நின்றேன். அந்த இடத்தில் ஒரு நேரம் இருந்தது. கடிகாரத்தில் இருக்கிற நேரம் இல்லை. கிரைண்டர் சத்தம் தூரத்தில் போய்விட்டது. நீலத் தார்ப்பாய் மேல் வெயில் அசைந்தது. கனவுதானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கனவாக இருந்தால் ஏணி முடியாதே என்று பயந்தேன். அப்போது தொடை வலித்தது. வலித்ததும் தைரியம் வந்தது.

ஆறு. ஏழு.

எட்டாம் படி கிறீச்சென்றது.

அந்தச் சத்தம் எனக்காக வந்தது. கீழே பேச்சி "எம்மா, பாத்து" என்றாள். அவளுக்கு இது ஒன்றும் புதிது இல்லை, ஏணியில் எப்போதும் கேட்கிற சத்தம்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது, பத்து, பதினொன்று. மாளாவின் தரையில் கையை ஊன்றி, முழங்காலை வைத்து, உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கூரைத் தகட்டில் ஒரு ஓட்டை உண்டு. அதன் வழியாக ஒரு ரூபாய் அளவுக்கு வெயில் தரையில் விழும். காலையில் கதவுப் பக்கம் இருக்கும், சாயங்காலம் சுவரில் ஏறிவிடும். ஒன்பது பத்து மாதம் நான் பார்க்காமலே அது தினமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. என் காலைக் கொண்டுபோய் அதன் கீழே வைத்தேன். சுட்டது.

கொஞ்ச நேரத்தில் ஏணி மறுபடி கிறீச்சிட்டது. செல்வி ஒரு கையில் தட்டோடு வந்தாள். சோறு, மேலே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அன்று காலையிலேயே வைத்து மூடியிருக்கிறாள்.

"நான் ஏறுவேன்னு ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? நாக்குக்குத் தெரிஞ்சுது" என்றாள். "நகருங்க அத்த. பசிக்கி."

ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பேச்சி கீழேயிருந்து, "நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?" என்று சத்தம் போட்டாள். "ஏறி வாளா" என்றேன். பை காலியாகவே கல்யாண் போனது.

இப்போது முப்பத்தெட்டு கிலோ. ஒரு மூட்டை அரிசியும் எட்டுக் கிலோ உளுந்தும். எடை கூடக் கூட உளுந்துதான் கூடுகிறது என்று செல்வி சொல்கிறாள். வளையல் இன்னும் கழன்றுதான் விழுகிறது. நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிறேன். அவசரப்படுவதில்லை. ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறேன். முன்பெல்லாம் அந்த இடமே எனக்குத் தெரியாது. ஏறினேன், இறங்கினேன், அவ்வளவுதான். இப்போது என் நாளில் அது ஒரு பெரிய இடம்.

மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஏணி இன்னும் வருகிறது. ஆனால் வானத்துக்குப் போவதில்லை. பதினோரு படியில் முடிந்துவிடுகிறது. கனவிலும் தொடை வலிக்கிறது. கனவிலும் எட்டாம் படி கிறீச்சிடுகிறது.